ரெண்டாயிரத்து ஒண்ணு மாடல்

"ஜெயச்சந்திரா, எந்த வருச மாடலப்பா நடுவழியில நிக்காது?"

கேட்டது பட்டாசுக் கம்பெனி முதலாளி சீனிவாசகம் அண்ணாச்சி. நான் மெக்கானிக். சிவகாசியில என்னைக் கேக்காம ஒருத்தரும் பழைய வண்டி எடுக்க மாட்டாக.

"ரெண்டாயிரத்து அஞ்சு மாடல் எடுங்க அண்ணாச்சி. ஏசி, பவர் ஸ்டீயரிங், ஒரே ஓனர். ரெண்டாயிரத்து நாலு மாடலும் பரவாயில்ல. ஒண்ணு மாடல் மட்டும் வேண்டாம். இஞ்சின் இரும்பு மாதிரிதான். ஆனா பாக்க லோடு வண்டி கணக்கா இருக்கும்."

அடுத்த மாசம் அவுக மக ஐஸ்வர்யாவுக்குக் கல்யாணம். "சம்பந்தி வீட்டுல சிரிக்காத மாதிரி ஒண்ணு பாத்துக் குடுங்க தம்பி"ன்னு அண்ணாச்சி சம்சாரம் எங்கிட்டத் தனியா வேற சொல்லியிருந்தாக.

மூணு வண்டியையும் வரிசையா நிறுத்தினேன். அண்ணாச்சி பானெட்டைத் திறக்கவே இல்ல. கூட வந்த கம்பெனி ஆள் சீனிச்சாமியைப் பாத்தாரு. ஆறடி ஆளு.

"ஏலே, பின்னாடி ஏறிப் படு."

அஞ்சு மாடல்ல நடுவுல தனித்தனி சீட்டு. முழங்கால் முட்டுச்சு.

"வேண்டாம்."

நாலு மாடல்ல கழுத்து மடங்குச்சு.

"இதுவும் வேண்டாம்."

எனக்கு வந்துச்சே எரிச்சல். இவரு வண்டி வாங்க வந்தாரா, கட்டில் வாங்க வந்தாரா?

ஒண்ணு மாடல்ல நடு சீட்டை மடக்கினா தரையோட தரையாயிரும். சீனிச்சாமி காலை நீட்டிப் படுத்தான். அவனை அப்படியே வச்சு சாத்தூர் ரோட்டுல நாலு கிலோமீட்டர் ஓட்டச் சொன்னாரு. ஓட்டினேன்.

"குலுக்குதாலே?"

"இல்ல முதலாளி."

"இதையே முடிச்சிருப்பா."

"கல்யாண மண்டபத்து வாசல்ல இது நின்னா அக்கா அழுதிருவாக அண்ணாச்சி."

"அழட்டும்"னுட்டுக் கிளம்பிட்டாரு.

பெத்த மக கல்யாணத்துக்குமா கஞ்சத்தனம்? எனக்கு மனசே ஆறல. சாவி வாங்க நின்ன சீனிச்சாமிகிட்ட வாயை விட்டுட்டேன்.

"எம்புட்டோ பிசினாறியைப் பாத்திருக்கேன். பழைய வண்டியில காலை நீட்டித் தூங்கிட்டுப் போக அளவெடுக்கிற முதலாளியை இன்னைக்குத்தான் பாக்கேன்."

சீனிச்சாமி சட்டையில ஒட்டின தூசியைத் தட்டினான்.

"அது அவுகளுக்கு இல்லண்ணே. போன சித்திரையில மருந்து வெடிச்சு உடம்பெல்லாம் வெந்துபோன நம்ம கம்பெனி ஆள் கதிரவனை, அவுக சின்னக் கார்ல மதுரை ஆஸ்பத்திரி வரைக்கும் உக்கார வச்சுத்தான் கொண்டு போனோம்."