ஐயாசாமியின் ஸ்கேன்

"தொடாதீங்க! ஃபார்மட் பண்ணவான்னு கேக்குது. ஆமான்னு அழுத்துனீங்க, உள்ள இருக்கறதெல்லாம் போயிடும்!"

மனைவி சந்திரமதி போட்ட சத்தத்தில் ஐயாசாமியின் விரல், பென்டிரைவ் செருகிய போனுக்கு மேலேயே நின்றுவிட்டது.

"போகட்டுமே. என் வயித்துல இருக்கறதும் அதோட சேர்ந்து போயிட்டா நல்லதுதானே?" என்றார்.

கொஞ்ச நாளாகவே அவருக்கு வயிற்றில் ஒரு பிடிப்பு. கூலாய் ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுத்துவிட்டு வந்திருந்தார். முடிவை வாங்கி வரப் போனவள் மகள் லோஷினி. பண்டார் தெங்காரா வீட்டுக்குத் திரும்பி வந்தவள் அப்பாவின் முகத்தையே பார்க்கவில்லை. கண்கள் சிவந்திருந்தன. "சாயங்காலம் வந்து சொல்றேம்பா" என்று முனகிவிட்டு, பையைக் கொட்டிக் கவிழ்த்துக் கார் சாவியைத் தேடி எடுத்துக்கொண்டு வேலைக்கு ஓடிவிட்டாள். அவள் போன பிறகு பார்த்தால், சாப்பாட்டு மேசையில் ஒரு பென்டிரைவ்.

"நல்ல சேதின்னா வாசல்லயே சொல்லியிருப்பா," என்றார் ஐயாசாமி. "அழுதிருக்கா. பார்த்தியா?"

"சும்மா இருங்க. உங்க போன் பழசு, அதுக்கு இதைப் படிக்கத் தெரியல. என் டேப்லெட்டைக் கொண்டாரேன்."

சிநேகிதிகள் பென்டிரைவில் ஏற்றித் தரும் சீரியல்களை டேப்லெட்டில் பார்த்துப் பழகியவள் சந்திரமதி. அடாப்டரைச் செருகினாள், பென்டிரைவை அதில் மாட்டினாள். ஒன்றும் வரவில்லை.

"இதுவும் போச்சா?"

"அவசரப்படாதீங்கலா. செட்டிங்ஸ்ல ஓடிஜின்னு ஒண்ணு இருக்கு, அதை ஆன் பண்ணணும். கொஞ்ச நேரம் சும்மா விட்டா அதுவே அணைஞ்சிக்கும், உங்களை மாதிரி."

வேறொரு நாளாக இருந்திருந்தால் ஐயாசாமி சண்டைக்குப் போயிருப்பார். இன்று மூச்சுவிடாமல் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அனுமதி கேட்டது, கொடுத்தாள். கோப்புகளைத் திறந்தாள். உள்ளே ஒரே ஒரு படம்.

திரை முழுக்கச் சாம்பல் நிறப் புகை. நடுவில் கறுப்பாக ஒரு குழி. குழிக்குள் கொண்டைக்கடலை அளவுக்கு வெள்ளையாக ஒரு கட்டி.

"பெருசாக்கு," என்றார்.

பெரிதாக்கியதும் கட்டி எலுமிச்சம்பழம் அளவுக்கு ஆனது. மேலே ஓரத்தில் இங்கிலீஷில் 'ஐயாசாமி' என்ற எழுத்துகள் மட்டும் தெரிந்தன.

"என் பேருதான்," என்றார்.

சந்திரமதி எழுந்து அடுப்படிக்குப் போனாள். அவருக்கு இனிப்பு ஆகாது என்று எங்கேயோ ஒளித்து வைத்திருந்த சர்க்கரைப்பால் டின்னை எடுத்து, கெட்டியாக ஒரு டீ போட்டுக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். அந்த டீயைப் பார்த்த பிறகுதான் ஐயாசாமிக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "மாப்பிள்ளைக்குப் போன் போடு," என்றார்.

சந்திரமதி அவரை உற்றுப் பார்த்தாள். மருமகன் யுகேந்திரனும் அவரும் ஒரே வீட்டில் இருந்தாலும் பேசிக்கொண்டு மாதக்கணக்காகிறது. "கேட்டை ரெண்டு தடவை இடிச்சிட்டீங்க, இனிமே காரைத் தொடாதீங்க மாமா" என்று சொல்லி அவன் சாவியைப் பிடுங்கிக்கொண்டதில் ஏற்பட்ட மனஸ்தாபம். அன்றிலிருந்து உப்பு வேண்டுமென்றாலும் நடுவில் அவள்தான் தூது.

"நெசமாவே பேசப்போறீங்களா?"

"இன்னும் என்ன வீம்பு எனக்கு? போடு."

மறுமுனையில் தொழிற்சாலை இயந்திரங்களின் இரைச்சல். "சொல்லுங்க அத்தை."

"அத்தை இல்ல, நான்தான்."

"மாமா?" என்றான் யுகேந்திரன், நம்ப முடியாதவன்போல.

"மாப்பிள்ளை, நீ செஞ்சது சரிதான். காரை நீயே வச்சிக்க. இனிமே எனக்கு எதுக்கு? லோஷினி கொண்டாந்த ஸ்கேனைப் பார்த்துட்டோம். மறைக்க வேணாம்."

"அலமாக், ஐயய்யோ! பார்த்துட்டீங்களா? நாங்க ரெண்டு பேரும் சாயங்காலம் வந்து நேர்ல சொல்லலாம்னு இருந்தோமே!" அவன் குரல் கம்மியது.

பாவம், நல்ல பையன், தனக்காக அழுகிறானே என்று ஐயாசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். இவனிடமா இத்தனை நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தோம்!

"டாக்டர் என்ன சொன்னாரு? இன்னும் எவ்வளவு நாளாம்?"

"ஏழு மாசம்னு சொன்னாங்க மாமா."

ஐயாசாமி நாற்காலியில் சாய்ந்தார். அவர் ஏழு விரல்களைக் காட்டியதைப் பார்த்ததும் சந்திரமதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்க ஆரம்பித்தாள்.

"சரிப்பா," என்றார் திக்கித் திணறி. "என் பேரு போட்டு வந்திருக்கு. நான் தாங்கிக்கறேன். உங்க அத்தையை மட்டும் கடைசி வரைக்கும் பார்த்துக்க."

மறுமுனையில் இயந்திரங்களின் இரைச்சலையும் மீறி யுகேந்திரன் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"மாமா, உங்க ஸ்கேன் லோஷினி பையிலதான் இருக்கு. வெறும் காத்துதானாம், பயப்பட ஒண்ணுமில்ல. சந்தோஷத்துல அழுதுட்டேதான் எனக்கும் போன் பண்ணா, ரெண்டு சேதியையும் சாயங்காலம் சேர்த்துச் சொல்லலாம்னா. நீங்க பார்த்தது அங்கேயே அவ எடுத்துக்கிட்ட அவளோட ஸ்கேன்; அவ பேருக்குப் பின்னால உங்க பேருதானே வரும்? அழாதீங்க மாமா, பொறக்கப்போற புள்ளைக்கு நீங்கதான் பேரு வைக்கணும்!"