நகக்குறி

ரூபினா, சோழவந்தானிலிருந்து வந்த வெற்றிலை ஒன்றில் சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். காயம்பட்ட செல்களில் ஊறும், எளிதில் வினைபுரியும் ஆக்சிஜன் பட்டால் அந்தச் சாயம் பச்சையாக ஒளிரும். இது காயமே படாத இலை. ஆனாலும் திரையில், காம்புக்குப் பக்கத்தில், பிறை போல ஒரு நகக்குறி ஒளிர்ந்தது.

"அண்ணே, இலையக் கிள்ளுனீங்களா?"

"நான் தொடவே இல்லம்மா," என்றார் ஆய்வக உதவியாளர் தங்கப்பாண்டி.

தோழி ஜெயக்கொடிதான் அப்படிச் செய்வாள். ஆய்வுக்கு வரும் இலையில் ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, "எம்புட்டுக் காரம் பாரு" என்று சிரிப்பாள். போன வருடம் விபத்தில் இறந்துபோனாள்.

ரூபினா பார்த்துக்கொண்டிருக்கும்போதே, முதல் குறிக்கு அருகில் இன்னொரு பிறை மெல்ல ஒளிரத் தொடங்கியது.

"போதும்டி," என்றாள் அவள், திரையைப் பார்த்து. "எனக்கும் கொஞ்சம் மிச்சம் வையி."