எலி கடிக்காத கேபிள்

“எலி கடிக்காத கேபிள் எதுங்க?” கடைக்குள் நுழையும்போதே கேட்டார் அவர். “எங்கப்பா ரூமுக்குப் போற டிஷ் கேபிளை வாரம் தவறாம கடிச்சு வச்சிடுது. படம் நின்னா போன் மேல போன். நான்தான் ஓடிப்போய் ஒட்டுப் போடறேன்.”

“எத்தனை மீட்டர் போகணும்?”

“நாப்பது. கார் ஷெட்டையும் தாண்டி, பின்னாடி தனி ரூம்.”

அத்தனை தூரத்துக்கு மெல்லிசுக் கேபிள் சரிப்படாது. படம் கட்டம் கட்டமாக உடையும். நடுவில் சுத்தமான செம்புக் கம்பி ஓடும் தடித்த கேபிளையும், அதை நுழைக்க இரும்புக் குழாயையும் எடுத்து வைத்தேன். விலையைக்கூட அவர் கேட்கவில்லை. பெற்றால் இப்படி ஒரு பிள்ளையைப் பெற வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் நான் வேலையை முடித்ததும் பெரியவர் குழாயைத் தடவிப் பார்த்தார்.

“இதையும் எலி கடிக்குமா தம்பி?”

“பல்லு உடைஞ்சுடும் ஐயா. பத்து வருஷத்துக்குக் கவலையே இல்ல.”

அவர் குழாயிலிருந்து கையை எடுத்துக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

“அப்பாடா! இனிமே இந்தப் பக்கம் வர்ற வேலையே இல்ல” என்று கையைத் தட்டிக்கொண்டு மகன் வீட்டுக்குள் போனார்.

பழைய கேபிளைச் சுருட்டினேன். எலி கடித்தால் பிசிறு பிசிறாக இருக்கும். இதிலோ ஒவ்வொரு வெட்டும் கோடு கிழித்தாற்போல் நேராக இருந்தது.

நிமிர்ந்தேன். பெரியவர் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு சின்னக் கத்தியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“இதையும் கொண்டுபோயிடு தம்பி. இனிமே எனக்கு எதுக்கு?”