இரவல் டயர்

பிரேக் இன்ஸ்பெக்டர் வெங்கடாசலம் மண்டி போட்டு, டயரை இரண்டாம் முறையாகத் தடவிப் பார்த்தார். டாக்ஸிக்காரர் சவரிராயன் பக்கத்தில் நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நாலு டயரும் அதே ஸ்டாண்டில் டாக்ஸி ஓட்டும் மாயவனுடையவை. தருமபுரி டாக்ஸிக்காரர்களுக்குள் அப்படியொரு பழக்கம். எவன் வண்டி எஃப்.சி. என்ற தகுதிச் சோதனைக்குப் போனாலும், நல்ல டயர் வைத்திருப்பவன் ஒரு நாளைக்குக் கழற்றிக் கொடுப்பான். பாஸ் ஆகாவிட்டால், வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன அந்தப் பழைய பிளசர் காரில் கோழிதான் அடைகாக்கும். சவரிராயன் அடுப்பில் உலை ஏறாது.

"டயரெல்லாம் புதுசாட்டம் இருக்குதுங்களே?"

"ஆமாங்க சார்." சவரிராயன் டயரைப் பார்க்காமல் சொன்னார்.

பிரேக், ஹாரன், லைட் எல்லாம் பார்த்த இன்ஸ்பெக்டர், பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து அழுத்திப் பார்த்தார். "ஸ்பிரிங் குத்தாதுங்களா? தொப்பூர் கணவாயில தூக்கித் தூக்கிப் போடுமோ?"

சீட்டையெல்லாம் எந்த இன்ஸ்பெக்டர் சோதித்தார்? மனுஷன் மோப்பம் பிடித்துவிட்டார் என்றே சவரிராயன் நினைத்தார்.

"பாஸுங்க. இந்த ஊர்ல வண்டிய வண்டியா வெச்சிருக்கறது நீங்க ஒருத்தருதான். நாளைக்கு ஸ்டாண்டுலதான இருப்பீங்க?"

சே! இந்தப் பாராட்டுக்குப் பதில் அவர் ஓங்கி ஒரு அறை விட்டிருக்கலாம். யாரிடமும் ஒரு டீ கூட வாங்கிக் குடிக்காத மனிதர். அவர் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுச் சவரிராயன் தரையைப் பார்த்துக் கும்பிட்டார்.

அன்று மாலையே டயர்கள் மாயவனிடம் போயின. வண்டியில் பழைய மொட்டை டயர்கள் ஏறின.

"ஸ்டாண்டுக்கு வந்து திரும்பப் பாப்பாரோ?" என்று சவரிராயன் முனகினார்.

"பாஸ் போட்டவரு எதுக்குங்க வரப்போறாரு? வூட்டுக்குள்ள வாங்க, சோறு ஆறுது" என்றாள் மனைவி ராஜமேரி.

மறுநாள் காலையில் இன்ஸ்பெக்டர் ஸ்டாண்டுக்கு வந்தே விட்டார். மாயவன் தீர்த்தமலை சவாரிக்குப் போயிருந்தான். ஸ்டாண்டில் வேறு வண்டியே இல்லை. தொலைந்தோம் என்று சவரிராயன் முன்சக்கரத்தை மறைத்து நின்றார்.

நேற்று மண்டி போட்டுப் பார்த்தவர், இன்று டயர் பக்கம் திரும்பவேயில்லை. அவருக்குப் பின்னால், நிறைமாத வயிற்றைப் பிடித்தபடி அவர் மகள் காவேரி வந்தாள்.

"சேலம் ஆஸ்பத்திரிக்குப் போகணுங்க. வலி எடுத்துருச்சு" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சார்... வேற வண்டி எதாச்சும்..." சவரிராயன் சக்கரத்தை விட்டு நகராமல் இழுத்தார்.

"வேற வண்டிய எப்பிடிங்க நம்புறது?"

காவேரி பிளசரைப் பார்த்துத் தயங்கினாள். "தொப்பூர் கணவாயில இந்தப் பழைய வண்டியாப்பா?"

இன்ஸ்பெக்டர் கதவைத் திறந்து பிடித்தார்.

"பயப்படாம ஏறு கண்ணு, உங்கப்பனே பாத்துப் பாஸ் போட்ட வண்டி!"