பன்னிரண்டாவது துறவியின் சம்மதம்

ரஷ்யாவின் வடக்கே, வெள்ளைக்கடல் ஓரம், இடிந்த மடாலயக் கோயிலைத் தோண்டிக்கொண்டிருந்தார் தூத்துக்குடித் தொம்மை. எலும்பிலிருந்து குரலை ஒலிபெருக்கியில் எழுப்பி, செத்தவரிடமே சம்மதம் வாங்கிய பிறகுதான் எலும்பை வேறிடத்துக்கு எடுத்துப் போகலாமென்பது சட்டம். புது இடத்தில் ஹீட்டர் உண்டென்றதும் பதினொரு துறவிகள் உடனே தலையாட்டாத குறையாகச் சம்மதித்தார்கள். பன்னிரண்டாமவர் மௌன விரதக்காரர். நானூறு வருடமாக வாயைத் திறக்கவில்லை.

“அவர் சொல்லாம வேலை முடியாது. வேலை முடியாம லீவு கிடையாது,” என்றாள் அதிகாரி இரீனா.

தொம்மை குழிக்குள் மண்டியிட்டார். “சாமி, ஞாயித்துக்கிழமை எம் பொண்ணுக்குக் கல்யாணம். ஒரே ஒரு வார்த்தை, புண்ணியமாப் போகும்.”

ஒலிபெருக்கி கரகரத்தது. “சரிப்பா, எடுத்துக்கோ.”

தொம்மை அழுதேவிட்டார்.

உடனே பதினொரு குரல்கள் கத்தின: “விரதத்தை முறிச்ச பயலோட ஒரே வண்டியில வரமாட்டோம். எங்க சம்மதத்தைத் திருப்பிக் குடுங்க!”

ஞாயிறன்று மகள் கல்யாணத்தைத் தொம்மை போனில்தான் பார்த்தார். பதினொருவரும் குழியிலிருந்தபடியே சேர்ந்து மணமக்களை மனசார ஆசீர்வதித்தார்கள்.