சுருட்டை முடி

பழைய இங்கிலாந்தின் நார்தம்பிரியா நாட்டு மடம் ஒன்றில் வயதான துறவிகள் இருவர் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்கள். ஓஸ்கருக்குக் கை ஓடவில்லை.

“தலைநகர் யார்க்ல ஒரே வெட்டும் குத்துமாம். என் பையன் எல்ஃப்வின் உசிரோட இங்கே வந்து சேர்ந்துடுவானா?”

“வருவான், நீர் உரியும்,” என்றார் டிட்பால்டு.

“சின்ன வயசுல அவனுக்குச் சுருட்டை முடி. கணப்புப் பக்கத்துல உட்கார வச்சு அவன் அம்மா சீவுவா. சீப்பைக் கண்டாலே கத்தி ஊரைக் கூட்டுவான்.”

“சாமியாரா வந்தா அந்த முடியும் போச்சு!”

“போகட்டுமய்யா.”

வாசல் மணி அடித்தது. குதிரை வீரர்கள் ஓர் இளைஞனை உள்ளே தள்ளினார்கள். தலையைக் கன்னாபின்னாவென்று வழித்திருந்தார்கள். கீறல்களில் ரத்தம் உறைந்திருந்தது.

“மொட்டையடிச்சுட்டாங்க!” ஓஸ்கர் ஓடிப்போய் அந்தத் தலையை மார்போடு அணைத்துக்கொண்டார். ஆட்சியைப் பறித்த பிறகு ராஜாவைக் கொல்ல மனம் வராவிட்டால்தான், அந்த நாட்டில் மொட்டையடித்து மடத்துக்கு அனுப்புவார்கள்.

“உங்களுக்கு நான் பண்ணினதையே எனக்கும் பண்ணிட்டாங்கப்பா,” என்று விம்மினான் எல்ஃப்வின்.

டிட்பால்டு நகர்ந்து இடம் விட்டார்.

“உட்காரு தம்பி. எனக்கு மொட்டையடிச்சவர் உங்க அப்பாதான். இந்தப் பத்து வருஷத்துல நாட்டை ஆண்டவங்கள்ல உசிரோட மிஞ்சினது நாம மூணு பேர்தான்.”