மேட்டு நிலத்தின் எல்லையில்

எஃபாட்டே தீவின் மதிய வெயில் தென்னை ஓலைகளுக்கிடையே இறங்கி, லெய்மாராவின் பூப்போட்ட கவுனில் கீற்றுக் கீற்றாக அசைகிறது. காலையிலிருந்து மூன்று ஊர்த்தலைவர்கள் எல்லையோரமாக நடக்கிறார்கள். இந்த மேட்டு நிலம் அவளுடையதா, அவள் பெரியப்பா மகன் கல்மெட்டுடையதா என்று இன்று அவர்கள் சொல்லியாக வேண்டும். பத்திரம் எதுவும் கிடையாது. எல்லையில் நிற்கும் சிவந்த இலைச்செடிகளைக் காட்டி, "எங்கம்மா நட்டது" என்கிறாள் அவள். "எங்கப்பா நட்டது" என்கிறான் கல்மெட். தோற்றுவிட்டால் அடுத்த வருடம் இந்தச் சரிவில் வள்ளிக்கிழங்கு நட அவளுக்கு உரிமையில்லை. அவள் பார்வை சரிவில் படர்ந்திருக்கும் கிழங்குக் கொடிகளை விட்டு நகரவில்லை.

கல்மெட்டின் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருக்கிறது. அந்த நிலத்திலேயே காய்த்துக் குலுங்கும் ஒரு தென்னையின் அடியில் நின்று, மரத்தில் ஒரு கையை வைக்கிறான். அடுத்தவர் மரத்தில் கேட்காமல் ஏற இந்த ஊரில் யாருக்கும் கால் வராது.

"தங்கச்சி, தாகம் தாங்கல. ஒரு இளநி பறிச்சுக்கட்டுமா?"



"உன் மரத்துல ஏற அவகிட்ட எதுக்குய்யா கேக்குறே?" என்கிறார் மூத்த தலைவர்.

கல்மெட் மரத்திலிருந்து கையைச் சட்டென்று எடுக்கிறான். மற்ற இரண்டு தலைவர்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். கடைசியில் அவனுக்கே சிரிப்பு வந்துவிடுகிறது.

"ஏறுங்கண்ணே," என்கிறாள் லெய்மாரா. "இனிமே கேக்கவே வேணாம்."